முன்னால் போவது மாடா, பஸ்சா?
கம்பம் பள்ளத்தாக்கில் தடம் தேடும் வண்டிப் பந்தயம்!

தேனி,

காலை 7 மணி. டவுன் பஸ் நடுரோட்டில் நிற்கிறது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார். கண்டக்டர் இறங்கிப் போய் எட்டிப் பார்க்கிறார். உள்ளே ஆபீசுக்குப் போகிறவர், கடை திறக்கப் போகிறவர், கையில் தூக்குச்சட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மா.

"என்னப்பா, விபத்தா?" என்று பின் சீட்டில் இருந்து ஒரு குரல்.

விபத்து அல்ல. பந்தயம்!

அடுத்த நிமிடம் தூரத்தில் புழுதி. பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள்கள் ஹாரனை அலற விட்டபடி வருகின்றன. நடுவில் இரண்டு காளைகள், நாலுகால் பாய்ச்சலில். பின்னால் வண்டி என்ற பெயரில் இரண்டு சக்கரமும் நாலு கட்டையும். அதன் மேல் ஒருவர் நின்றபடி கயிற்றைப் பிடித்திருக்கிறார். இன்னொருவர் ஏறுகிறார், குதிக்கிறார், கூடவே ஓடுகிறார், மறுபடி ஏறுகிறார். கண்ணை மூடித் திறப்பதற்குள் வண்டி பஸ்சைத் தாண்டிவிட்டது.

இப்படி ஒரு காலைப் பொழுது இந்தப் பள்ளத்தாக்கில் பஸ் ஏறுகிறவர்களுக்குப் புதிதல்ல. திருவிழா என்றால் பந்தயம். தலைவர் பிறந்த நாள் என்றால் பந்தயம். பொங்கல் என்றால் கேட்கவே வேண்டாம்.

குதிரை ஓட மைதானம் உண்டு. மோட்டார் கார் பறக்க இருங்காட்டுக்கோட்டையில் தடம் உண்டு. சைக்கிள் விட வட்டப் பாதை உண்டு. மாட்டு வண்டிக்கு மட்டும் நீங்களும் நானும் போகிற தார்ரோடுதான் பந்தயத் தடம். ஏன் இப்படி? இந்தப் பந்தயம் வந்த வழி என்ன? இனி போகப் போகிற வழி என்ன?

அணை கட்டிய வண்டிகள்

கம்பம் பள்ளத்தாக்கின் வரைபடத்தைப் பாருங்கள். மூன்று பக்கம் மலை. ஊர்களை வரிசையாகக் கோர்த்த ஒரே நூல், தேனியில் இருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கு ஏறுகிற சாலை.

ரெயில் இந்தப் பக்கம் வரவே இல்லை. மதுரையில் இருந்து வந்த தண்டவாளம் தேனியைத் தொட்டுவிட்டுப் போடிக்குத் திரும்பிவிட்டது. அந்தப் பாதையும் 2010 கடைசியில் அகலப் பாதை வேலைக்காக மூடப்பட்டு, தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும்தான் மறுபடி ரெயில் வந்தது. கம்பத்துக்காரர் ரெயில் பார்க்க வேண்டும் என்றால் இன்றும் தேனிக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

ஆகவே லாரி வருவதற்கு முன் இங்கே எல்லாம் மாட்டு வண்டிதான். அரிசி போனதும் வண்டியில். ஏலக்காய் வந்ததும் வண்டியில். கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் போனதும் வண்டியில்.

இவ்வளவு ஏன், முல்லைப் பெரியாறு அணையைச் சொல்லும்போது பென்னிகுக் பெயரைச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் 1887 முதல் 1895 வரை நடந்த அந்த வேலைக்கு இரும்பையும் எந்திரங்களையும் மலையடிவாரம் வரை இழுத்து வந்தது யார்? அம்மையநாயக்கனூர் ரெயில் நிலையத்தில் இறங்கிய சாமான்கள் மாட்டு வண்டியில்தான் கூடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தன. அதற்கு மேல்தான் கம்பிவடப் பாதை.

1895 அக்டோபரில் அணை திறந்தது. மேற்கே ஓடிய தண்ணீர் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் 14 ஆயிரத்து 707 ஏக்கர் இருபோக நெல் வயல் என்று கணக்குச் சொல்கிறார்களே, அது அந்தத் தண்ணீரின் கணக்கு. இரண்டு போகம் என்றால் இரண்டு உழவு. இரண்டு உழவு என்றால் வீட்டுக்கு வீடு ஒரு ஜோடி மாடு. நல்ல மாடும் நல்ல வண்டியும் நீளமான ரோடும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால், முந்திப் பார்க்கிற ஆசையை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

தேன்சிட்டு, பூஞ்சிட்டு!

பந்தயத்தில் எல்லா மாட்டையும் ஒன்றாக விடுவதில்லை. உயரம் பார்த்து, பல் பார்த்து, வயது பார்த்துப் பிரிக்கிறார்கள். அந்தப் பிரிவுகளின் பெயரைக் கேட்டால் பறவைக் கூண்டைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, புள்ளிமான், கரிச்சான், நடுமாடு, பெரியமாடு. கடைசி இரண்டைத் தவிர மற்றதெல்லாம் சிறகும் துள்ளலும்தான்!

தூரத்தை இன்னும் மைல் கணக்கில்தான் சொல்கிறார்கள். நாடு கிலோமீட்டருக்கு மாறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பந்தயக்காரர் மட்டும் மாறவில்லை. சின்ன மாட்டுக்குக் குறைந்த தூரம், பெரிய மாட்டுக்குக் கூடுதல் தூரம். எல்லாம் போய்த் திரும்புகிற கணக்கு. எல்லைக்குப் போய், அங்கே திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். எல்லையில் முதலில் திரும்புகிற வண்டிக்குத் தனியாகக் கொடிப் பரிசு. அங்கே கொடி வாங்கியவர் இங்கே தோற்பதும் உண்டு. அதில்தான் சாரதியின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. போகும்போதே மாட்டை வாட்டி எடுத்துவிட்டால் வரும்போது அது நின்றுவிடும்.

வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் சாரதி. இன்னொருவர் துணைச் சாரதி. சாரதியை ஊருக்கே தெரியும். நோட்டீசிலும் மைக்கிலும் மாட்டின் சொந்தக்காரர் பெயர் வரும். பாதி தூரம் காலால் ஓடுகிற துணைச் சாரதியின் பெயர்தான் பல நேரம் எங்கேயும் வராது.

மாட்டை வளர்ப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. பருத்திக்கொட்டை, கானப்பயறு, தவிடு, புண்ணாக்கு என்று தீனிக்கே தினமும் காசு. காலையில் நடை. குளத்திலோ ஆற்றிலோ நீச்சல். அப்புறம் வண்டியில் பூட்டி ஓட்டம். உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு இந்த ஜோடிகளுக்கு வயலில் வேலை இல்லை. சாணியைத் தவிர வருமானமும் இல்லை. பந்தயம் ஒன்றுதான் அவற்றுக்கு வேலை. அது நின்றால் அடுத்த சந்தையிலேயே மாடு கை மாறிவிடும். வாங்குகிறவர் எதற்கு வாங்குவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கொங்கு நாட்டில் வேறு கதை

இதே தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் போங்கள். அங்கேயும் ரேக்ளா பந்தயம் உண்டு. ஆனால் தூரம் 200 மீட்டர், 300 மீட்டர். அளந்து போட்ட மண் தடம். வண்டி ஒன்று ஒன்றாக ஓடும். கையில் ஸ்டாப் வாட்ச். எத்தனை வினாடி என்று எழுதிக்கொள்வார்கள். குறைந்த நேரம் யாரோ அவருக்குத் தங்கக் காசு.

அங்கே வண்டி கடிகாரத்தோடு போட்டி போடுகிறது. இங்கே வண்டி வண்டியோடு போட்டி போடுகிறது. பார்க்கிறவருக்கு எது ருசி என்று கேட்டால் நம்ம ஊர்க்காரர் யோசிக்காமல் பதில் சொல்வார். ஆனால் எது பத்திரம் என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசிப்பார்.

இங்கே பல ஜோடிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ரோட்டின் அகலம் கூடப் போவதில்லை. முந்தப் போகும்போது சக்கரத்தோடு சக்கரம் உரசினால் வண்டி குடை சாயும். எல்லையில் திரும்பி வருகிற வண்டியும், இன்னும் போய்க் கொண்டிருக்கிற வண்டியும் எதிரெதிரே வரும். நடுவில் மாட்டை விரட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள். ஓரத்தில் வேடிக்கை பார்க்கிற கூட்டம். அதில் அப்பா தோளில் உட்கார்ந்த குழந்தைகள். கட்டை கிடையாது, கம்பி கிடையாது, கயிறுகூடக் கிடையாது.

மாட்டுக்கு மட்டும் என்ன? குளம்புக்கு ஏற்றது மண். தார் ரோட்டில் வேகமாகத் திரும்பும்போது காளை சறுக்கி விழுந்தால் காலோடு போயிற்று.

ஒரு மனு கிளப்பிய புயல்

இனி கோர்ட்டுக் கதைக்கு வருவோம். இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது.

ஜல்லிக்கட்டுத் தடை என்றதும் எல்லோருக்கும் அலங்காநல்லூர் ஞாபகம் வரும். மெரினா ஞாபகம் வரும். ஆனால் வழக்கு புறப்பட்ட இடம் ஜல்லிக்கட்டு வாடிவாசல் அல்ல. வண்டிப் பந்தயம்!

ஆமாம். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் ரேக்ளா பந்தயம் நடத்த அனுமதி வேண்டும் என்று ஐகோர்ட்டு மதுரை கிளையில் ஒரு மனு போனது. விசாரித்தவர் நீதிபதி ஆர்.பானுமதி. 2006 மார்ச் 29-ந் தேதி அவர் அளித்த தீர்ப்பில் ரேக்ளாவோடு ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்துத் தடை விழுந்தது. ஒரு கிராமத்துப் பந்தயத்துக்குச் சீட்டு கேட்கப் போன இடத்தில், தமிழ்நாட்டு மாட்டுக்கெல்லாம் கட்டு விழுந்துவிட்டது.

2007-ல் இரண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். 2009-ல் தமிழக அரசு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டு வந்தது. 2011 ஜூலையில் மத்திய அரசு, வித்தை காட்டப் பயன்படுத்தக்கூடாத விலங்குகள் பட்டியலில் காளையையும் சேர்த்தது. 2014 மே 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கதவை இழுத்துச் சாத்தியது. ஜல்லிக்கட்டு மட்டும் அல்ல, தமிழ்நாட்டிலும் மராட்டியத்திலும் மாட்டு வண்டிப் பந்தயமும் கூடாது என்று தீர்ப்பு. காளை இழுக்கிற பிராணி, ஓடுகிற பிராணி அல்ல, அதன் உடம்பு குதிரையின் உடம்பு போல அமைந்தது அல்ல என்பது கோர்ட்டு சொன்ன காரணங்களில் ஒன்று.

ஐந்து நாள் வாழ்ந்த விதி

2016 ஜனவரி 7-ந் தேதி மத்திய அரசு ஒரு புது அறிவிப்பு வெளியிட்டது. ஜல்லிக்கட்டுக்கும் சில மாநிலங்களில் வண்டிப் பந்தயத்துக்கும் நிபந்தனையோடு அனுமதி. அதில் ஒரு வரியைக் கவனியுங்கள். வண்டிப் பந்தயம் முறையான தடத்தில் நடக்க வேண்டும், அந்தத் தடம் 2 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது!

ஆக, தடம் என்ற பேச்சை அரசே எடுத்தது. ஆனால் ஐந்து நாள் பொங்கல் சரக்கு மாதிரி, வந்த வேகத்தில் அது போய்விட்டது. ஜனவரி 12-ந் தேதியே சுப்ரீம் கோர்ட்டு அந்த அறிவிப்புக்கு இடைக்காலத் தடை போட்டது. தடமும் அதோடு மறந்து போனது.

2017 ஜனவரியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். மெரினாவில் கூடிய கூட்டம், ஊருக்கு ஊர் போராட்டம், அவசரச் சட்டம், பிறகு சட்டத் திருத்தம். 2023 மே 18-ந் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மராட்டியம் ஆகிய மூன்று மாநிலச் சட்டங்களும் செல்லும் என்று சொல்லிவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல். தமிழ்நாட்டுத் திருத்தத்தில் ஜல்லிக்கட்டு என்றால் என்ன என்று சொல்கிற இடத்தில் மஞ்சுவிரட்டு இருக்கிறது, வடமாடு இருக்கிறது, எருது விடும் விழா இருக்கிறது. வண்டிப் பந்தயம் என்று பெயர் சொல்லி எழுதவில்லை. மராட்டியம் அப்படி விடவில்லை. பந்தயத்துக்கென்றே 2017-ல் விதி எழுதி, ஓட்டம் ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடாது என்று வரையறுத்துவிட்டது.

இங்கே என்ன நடக்கிறது? ஊர்க்காரர்கள் போலீசில் மனு கொடுப்பார்கள். கிடைத்தால் பந்தயம். கிடைக்காவிட்டால் ஐகோர்ட்டு மதுரை கிளை. அங்கே நிபந்தனை போட்டு உத்தரவு. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போலீஸ் நிலையம். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் இதே அலைச்சல்தான்.

தார்க்குச்சிக்கும் சட்டம் உண்டு

மாட்டை எப்படி ஓட்டலாம் என்பதற்கு 1965-ல் இருந்தே மத்திய விதி இருக்கிறது. ஆணி வைத்த குச்சியால் குத்தக்கூடாது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. 37 டிகிரிக்கு மேல் வெயில் போகிற இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டவே கூடாது. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டமும் சேர்ந்தே நிற்கிறது.

நல்ல சாரதி குச்சியே எடுக்கமாட்டார். குரல் போதும் என்பார்கள் பந்தயம் தெரிந்தவர்கள். ஆனால் ஆறேழு மைல் ரோட்டில், புழுதிக்கு நடுவில், எந்தத் திருப்பத்தில் யார் கையில் என்ன இருந்தது என்று எந்த அதிகாரி பார்க்க முடியும்? கால்நடை டாக்டர் புறப்படுகிற இடத்தில் நிற்பார். மாடு விழுவது எங்கோ நாலாவது மைலில்.

சட்டத்தை மதிக்கிறவரையும் மதிக்காதவரையும் பிரித்துக் காட்ட, கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் ஓட்டம் நடக்க வேண்டும். அதற்குத்தான் தடம்.

கூட ஓடுகிற மோட்டார் சைக்கிள்களுக்கும் ஒரு வார்த்தை. பொது ரோட்டில் மோட்டார் வாகனத்தில் பந்தயம் விட்டால், 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருடம் வரை. மாட்டைப் பார்க்கிற ஆசையில் பெட்ரோலை ஊற்றி விரட்டுகிற தம்பிகள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

பொட்டலில் பிறந்த பந்தயம்

தடம் போடுவது பெரிய பணக்கார வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், லாங் பீச் நகரம். 1970 நவம்பர் 14-ந் தேதி. ஸ்காட் பிரைட்டாப்ட் என்ற 13 வயதுப் பையன் ஒரு பொட்டல் காட்டில் சைக்கிள் பந்தயம் வைத்தான். மோட்டார் சைக்கிள்காரர்கள் மேடு பள்ளத்தில் தாவுவது போலச் சின்னச் சைக்கிளில் தாவ வேண்டும். 35 பையன்கள் வந்தார்கள். தலைக்குக் கால் டாலர் கட்டணம். பரிசு, அவன் வீட்டில் கிடந்த பழைய கோப்பைகள்.

அதுதான் பி.எம்.எக்ஸ். என்று பேர் எடுத்த சைக்கிள் பந்தயத்தின் குழந்தைப் பருவம். பையன்கள் தெருவில் விட்டுக்கொண்டிருந்த சைக்கிள் மண் தடத்துக்குப் போனது. தடம் வந்ததும் அளவு வந்தது. 300, 400 மீட்டர் நீளம், ஒரே நேரத்தில் 8 பேர். அளவு வந்ததும் விதி வந்தது. விதி வந்ததும் சங்கம் வந்தது. 1982-ல் உலகப் போட்டி. 2008-ல் பீஜிங் ஒலிம்பிக். லாட்வியா என்ற சின்ன நாட்டு வீரர் மாரிஸ் ஸ்ட்ராம்பர்க்ஸ் அங்கே தங்கம் வாங்கினார்.

தெருவிலேயே ஓட்டிக்கொண்டிருந்திருந்தால்? நாலு பையன்கள் லாரியில் அடிபட்டிருப்பார்கள். போலீஸ் சைக்கிளைப் பறித்திருக்கும். கதை அத்தோடு முடிந்திருக்கும்.

நம்ம மாடு ஒலிம்பிக் போக வேண்டாம். ஊரில் உயிரோடு இருந்தால் போதும்.

காடும் மூடியது, வயலும் மூடியது

உயிரோடு இருந்தால் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கென்றே உள்ளது மலைமாடு. வருடத்தில் பாதி மலையில் மேயும். கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழுவம் இருக்கிறதே, அங்கே சிலை இல்லை. மாடுதான் சாமி. பட்டத்துக் காளைக்குத்தான் மரியாதை. மாட்டுப் பொங்கலன்று எங்கெங்கிருந்தோ வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கன்று நேர்ந்து விடுகிறார்கள்.

அந்த மலையில் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில் காட்டுக்குள் மாடு மேய்க்க சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. பிறகு அது தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தப்பட்டது. ஆனால் மேகமலைதான் புலிகள் காப்பகம் ஆயிற்றே! புலிக்கு நியாயம் இருக்கிறது. மாட்டுக்காரருக்கும் நியாயம் இருக்கிறது.

வயலில் டிராக்டர். மலையில் தடை. மிச்சம் இருப்பது ரோடு. ரோட்டிலோ பஸ், லாரி, ஜீப், கார்த்திகை மார்கழியில் சபரிமலை போகிற அய்யப்ப பக்தர்களின் வேன்கள். அந்தச் சீசனில் கம்பம்மெட்டு வழியாகப் போய்க் குமுளி வழியாகத் திரும்பு என்று போலீசார் ஒருவழிப் பாதையே வகுக்க வேண்டியிருக்கிறது. இதற்கு நடுவில் மாட்டுக்கு ஆறு மைல் எங்கே கிடைக்கும்?

செலவு என்ன ஆகிவிடும்?

மண் தடம் போடச் சிமெண்டு வேண்டாம், கம்பி வேண்டாம். பயிர் இல்லாத தரிசு நிலம் கொஞ்சம், சமப்படுத்த ஒரு எந்திரம், ஓரத்தில் சவுக்குக் கட்டை. நடுவில் ஒரு தடுப்பு இருந்தால் போகிற வண்டியும் வருகிற வண்டியும் மோதாது. போய்த் திரும்புகிற வழக்கத்தையும் விட வேண்டாம், எல்லைக் கொடியையும் விட வேண்டாம். ஒரு மைலில் முடிகிற ஓட்டத்தில் தேன்சிட்டு ஓடும், பெரியமாடு ஓடும். ஜனங்கள் ஆரம்பத்தையும் பார்ப்பார்கள், முடிவையும் பார்ப்பார்கள். இப்போது பாதிப் பேர் பார்ப்பது புழுதி மட்டும்தானே!

ஆறு மைல் ஓடினால்தான் மாட்டின் தம் தெரியும், ஒரு மைலில் என்ன தெரியும் என்று பந்தயக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு குழந்தை சக்கரத்தில் மாட்டிவிட்டால், அன்றைக்கு ஆறு மைலும் போய்விடும், ஒரு மைலும் போய்விடும். 2006-ல் ஒரே ஒரு மனு என்ன செய்தது என்பதை மறந்துவிடக்கூடாது.

கலெக்டர் ஆபீசில் ஒரு கூட்டம், பந்தயக்காரர், போலீசார், கால்நடைத் துறை, வருவாய்த் துறை நாலு பேரும் ஒரு மேஜையில். ஒரு நாள் வேலை. அடுத்த பொங்கலுக்கு ஆளுக்கொரு மனுவோடு மதுரைக்கு ஓட வேண்டியது மிச்சம்.

நின்ற பஸ் புறப்பட்டுவிட்டது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். ஆபீசுக்குப் போகிறவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முனகுகிறார். ஆனால் ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும், அவர் உட்பட, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

"எந்த வண்டிப்பா முன்னால போச்சு?"